தெய்வ முகத்துக்கு அளவு எடுப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். மாதா, இயேசு, புத்தர், லட்சுமி என்று சமயத் திருவுருவங்களை இன்றைய ஓவியர்கள் மறுபடி வரைகிறார்கள். பொன் விகிதம், சமச்சீர், சராசரி முகம் என்று ‘அழகின் அறிவியல்’ அதற்குத் துணையாக வருகிறது. இதில் உண்மையான அறிவியல் எவ்வளவு? கேட்டவர் தானும் ஒரு மாதா முகத்தை வரைந்துகொண்டிருக்கிறார். கணினியில் அளந்து, இடமும் வலமும் ஒன்றாக்கி, ஒரு குறையும் இல்லாமல் செய்த பிறகும் முகம் பொம்மை மாதிரி நிற்கிறதாம். ஏன் என்று கேட்கிறார்.

முதலில் ஒன்று: உங்கள் கையில் கோளாறு இல்லை. நீங்கள் நம்பிய அளவுகள் செய்யக்கூடியதைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. அழகின் அறிவியல் ஒரு முகத்திலிருந்து உறுத்தலை எடுத்துவிடும். திருவுருவத்தை வரைந்த பழையவர்களோ அளவைக் கற்றுக்கொண்ட பிறகு, ஓர் உறுத்தலைத் தெரிந்தே உள்ளே வைத்தார்கள்.

பொன் விகிதத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதிகம் பேசப்படுவதும் அதுதான், முகத்தைப் பொறுத்தவரை ஆதாரம் குறைந்ததும் அதுதான். 1.618 என்ற எண்ணுக்குக் கணிதத்தில் பெரிய இடம் உண்டு. ஒழுங்கான ஐங்கோணத்தின் மூலைவிட்டத்தைப் பக்கத்தால் வகுத்தால் இதுதான் வரும். 1509-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் நூல் இதைத் ‘தெய்வீக விகிதம்’ என்றே அழைத்தது. அந்த நூலுக்குத் திண்ம வடிவங்களை வரைந்து கொடுத்தவர் லியனார்டோ டா வின்சி. இந்த ஒரு தொடர்பைப் பிடித்துக்கொண்டுதான் மோனாலிசாவின் முகத்தின் மேல் செவ்வகம் செவ்வகமாகக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது நம் இஷ்டம் என்றால், எந்த முகத்திலும் எந்த விகிதத்தையும் எடுத்துவிடலாம்.

1876-இல் ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் ஃபெஹ்னர் பத்துச் செவ்வகங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார். சுமார் 35 விழுக்காட்டினர் பொன் விகிதச் செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு ஒரே மாதிரி வரவில்லை. முகத்தை எடுத்துக்கொண்டால், 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் முக நீளத்தில் சுமார் 36 விழுக்காடாகவும், இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரம் முக அகலத்தில் சுமார் 46 விழுக்காடாகவும் இருந்தபோதுதான் மக்களுக்கு அதிகம் பிடித்தது. இரண்டிலும் 1.618 இல்லை. இரண்டுமே சராசரி முகத்தின் அளவுகள்.

சராசரி என்ற இடத்தில்தான் உண்மையான அறிவியல் இருக்கிறது. அதன் கதை சிறைக்கைதிகளிடமிருந்து தொடங்குகிறது. 1870-களின் இறுதியில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் குற்றவாளிகளின் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்தார். குற்றவாளிக்கென்று ஒரு முகச்சாடை இருக்கும், அது தெளிந்து வரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வந்ததோ, தனித்தனிப் படங்களைவிடக் களையான ஒரு முகம். ஒவ்வொருவரின் கோணலும் மற்றவரின் கோணலில் கரைந்துவிட்டது. 1990-இல் ஜூடித் லாங்லாய், லோரி ராக்மன் இருவரும் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். 16 முகங்களையும் 32 முகங்களையும் கலந்து செய்த படங்கள், கலக்கப்பட்ட முகங்களின் பொதுவான மதிப்பெண்ணைவிடக் கூடுதலாகப் பெற்றன. சராசரியாக்கினால் சமச்சீரும் தானாக வரும், தோலும் மழமழவென்று ஆகும்.

உங்கள் மாதா நிற்பது இந்த இடத்தில். யாருக்கும் பிடிக்காமல் போகாத முகம், ஆனால் யாரையும் நிறுத்திப் பார்க்கவைக்காத முகம்.

அப்படியானால் சராசரிதான் அழகின் உச்சமா என்றால், அறிவியலே இல்லை என்கிறது. 1994-இல் டேவிட் பெரெட்டும் அவர் குழுவினரும் 60 பெண்களின் முகங்களைக் கலந்து ஒரு சராசரி செய்தார்கள். அவர்களில் அதிகம் விரும்பப்பட்ட 15 பேரை மட்டும் கலந்து இன்னொன்று செய்தார்கள். இரண்டாவதுதான் மக்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. அப்புறம் அந்த இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எடுத்து, அதே திசையில் இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்தினார்கள். அந்த முகம் இன்னும் கூடுதலாகப் பிடித்தது. நடுவில் நிற்பதைவிட, நடுவிலிருந்து ஒரு திசையில் விலகியது மனதை அதிகம் இழுக்கிறது என்று ஆகிறது.

இந்த விலகலைத்தான் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சிலைகளில் கண்டார். 1999-இல் வில்லியம் ஹிர்ஸ்டீனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கலை மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எட்டு விதிகளை முன்வைத்தார். அதில் முதன்மையானது ‘பீக் ஷிஃப்ட்’, அதாவது உச்ச நகர்வு. கடற்காகக் குஞ்சு தாயின் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும். தாயை எடுத்துவிட்டு மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட குச்சியை நீட்டினால், தாயின் அலகைவிட வெறியாக அதைக் கொத்தும். அதன் கண்ணுக்கு அது தாயைவிடப் பெரிய தாய். சோழர் காலப் பார்வதியின் செப்புத் திருமேனியை ராமச்சந்திரன் இப்படித்தான் விளக்கினார். இடை, இடுப்பு, மார்பு, மூன்று வளைவாக நிற்கும் நிலை எல்லாம் பெண்மையின் சராசரியிலிருந்து ஒரே திசையில் கூட்டிவைக்கப்பட்டவை என்றார்.

இந்த விளக்கத்தை மதிக்கிறேன், ஆனால் அது பாதி வழிதான் போகிறது. 1914-இல் வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் இந்தியச் சிற்ப மரபின் உடற்கூறு பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் புருவத்துக்கு வில்லும் வேப்பிலையும் வருகின்றன, மூக்குக்கு எள்ளுப்பூ, தோளுக்கு யானை, கண்ணுக்கு மீனும் மானும் தாமரை இதழும். நமக்கு இது புதிதே இல்லை. கயல்விழி என்று சொல்லும்போது பெரிய கண் என்று மட்டுமா சொல்கிறோம்? துள்ளுகிற கண், ஈரம் மின்னுகிற கண், ஓரிடத்தில் நிற்காத கண் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கண்ணின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கயல்விழி வராது, பிதுங்கிய கண்தான் வரும். சிற்பி மனித முகத்தை மீனின் பக்கமாகவும் பூவின் பக்கமாகவும் நகர்த்துகிறான். அந்த நகர்வு சராசரியும் மிகையும் இருக்கும் கோட்டிலேயே கிடையாது.

அதே சிற்பி அளவில் இம்மியும் பிசக மாட்டான் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நவதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவம் ஒன்பது முக நீளம். முகம் 12 அங்குலம், மொத்தம் 108 அங்குலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் உள்ள அங்குலம் கிடையாது, அந்தந்த உருவத்தின் உயரத்தை வகுத்து எடுக்கும் அலகு. முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124 அங்குலம். நெற்றி மேட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து மோவாய் என்று முகம் மூன்று சம பங்காகும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் முகத்தை இதே மூன்றாகத்தான் பிரித்தார். 18-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் துறவி ஃபூர்னாவின் டயோனிசியஸ் திருவுருவ ஓவியர்களுக்கு எழுதிய கையேட்டிலும் மனித உருவம் ஒன்பது முகம்தான். பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், ஓவியர்கள் மூக்கின் நீளத்தை அலகாக வைத்து, மூக்கின் வேரில் ஊசியை ஊன்றி மூன்று வட்டம் போட்டார்கள் என்று கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி காட்டினார். முதல் வட்டத்தில் முகம், இரண்டாவதில் முடியோடு தலை, மூன்றாவதில் ஒளிவட்டம். இவ்வளவு தூரம் தள்ளியிருந்த மரபுகள் ஒரே மாதிரி அளந்திருக்கின்றன.

ஆனால் இந்த அளவுகள் எதுவும் ‘இப்படிச் செய்தால் அழகு வரும்’ என்று மட்டும் சொல்லவில்லை. யார் வரைந்தாலும் இது இன்ன தெய்வம் என்று அடையாளம் தெரிய வேண்டும், கையிலிருந்து கைக்கு உருவம் சிதையாமல் போக வேண்டும் என்பது அவற்றின் பெரிய வேலை. அளவு போட்டு முடித்த பிறகு முகத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

எகிப்தில் சினாய் மலையடிவாரத்தில் புனித கேத்தரின் மடத்தில் ஓர் இயேசு இருக்கிறார். 6-ஆம் நூற்றாண்டு, மரப்பலகை, சூடான மெழுகில் நிறத்தைக் குழைத்து வரைந்தது. உயரம் 84 சென்டிமீட்டர்தான். முதல் பார்வையில் நேராக நம்மைப் பார்க்கும் சமச்சீரான முகம். ஒரு நல்ல அச்சுப்படம் கிடைத்தால், ஒரு தாளை எடுத்து முகத்தின் வலப்பாதியை, அதாவது நமக்கு வலப்பக்கமாகத் தெரிவதை, மூடிப் பாருங்கள். மிச்சமிருக்கும் முகம் அமைதியானது. புருவம் தளர்ந்திருக்கிறது, கண் நம்மை ஏற்றுக்கொள்கிறது. இப்போது தாளை மறுபக்கம் நகர்த்துங்கள். புருவம் மேலேறி வளைந்திருக்கிறது, கன்னத்தில் நிழல் அழுத்தமாக விழுகிறது, வாயோரத்தில் இறுக்கம். அதே ஆள் இப்போது கணக்குக் கேட்கிறார். ஒவ்வொரு பாதியையும் கண்ணாடிபோல் திருப்பி ஒட்டினால் இரண்டு வேறு மனிதர்கள் கிடைப்பார்கள், ஒருவர் கனிவானவர், ஒருவர் கண்டிப்பானவர். மனிதத் தன்மையும் இறைத்தன்மையும் ஒரே முகத்தில் என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். பொருள் எதுவானாலும், நேரே பார்க்கும்போது நம் கண் இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஓய்வில்லாமல் போய்வருகிறது. அந்த முகம் உயிரோடு இருப்பது போலத் தோன்றுவதற்கு இந்தப் போக்குவரத்துதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கணினியில் முகத்தை இடவலம் ஒன்றாக்கியபோது தொலைந்தது இதுதான்.

சரி, இன்றைய ஓவியர்களுக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் பேசப்போகிறேன்.

தொடக்கப் புள்ளியாக நான் வைப்பது ராஜா ரவி வர்மாவை. எண்ணெய் வண்ணம், ஐரோப்பிய ஒளிநிழல், எதிரே உட்காரவைத்த உண்மையான பெண்கள் என்று தேவியரை அவர் வரைந்தார். 1894-இல் தொடங்கிய அச்சகத்தின் வழியாக அந்த முகங்கள் வீடு வீடாகப் போயின. ஒரு முகம் அத்தனை முறை கண்ணில் பட்டால் அதுவே தேவியின் சராசரி முகமாகிவிடும். அழகு பற்றிய நம் தீர்ப்பு பழகியதை வைத்தே அமைகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய நேரடிச் சான்று எனக்குத் தெரியாது.

ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி அறிவியலை நேரடியாகவே சமய ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். 1955-இல் வரைந்த இராவுணவுப் படத்தின் துணி ஏறத்தாழ 1.67 மீட்டருக்கு 2.67 மீட்டர், அதாவது பொன் விகிதத்தை ஒட்டிய செவ்வகம். மேசைக்கு மேலே ஐங்கோணங்களால் ஆன பன்னிருமுகி மிதக்கிறது. திறமையான படம், ஆனால் என்னை அசைக்கவில்லை. கணக்கு முன்னால் வந்து நிற்கிறது, இயேசு பின்னால் போய்விடுகிறார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வரைந்த ‘சிலுவையின் புனித யோவானின் கிறிஸ்து’ வேறு விஷயம். கிளாஸ்கோவில் உள்ள அந்தப் படத்தில் சிலுவையை மேலிருந்து பார்க்கிறோம். விரிந்த கைகள் முக்கோணம், குனிந்த தலை வட்டம். ஆணி இல்லை, ரத்தம் இல்லை, முகமே தெரியவில்லை. அழகான முகத்தைத் தேடிப் போகிற கண்ணுக்கு முகத்தை மறுத்துவிட்டு, வடிவியலை மட்டும் கொடுக்கிறார். இங்கே அளவு வேலை செய்கிறது.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் 1962-ஆம் ஆண்டு ‘தங்க மர்லின்’ பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுயரத்தைத் தாண்டிய பொன்னிறப் பரப்பு, நடுவே சிறியதாக ஒரு நடிகையின் தலை. சிறு வயதில் பிட்ஸ்பர்க்கின் பைசாந்தியக் கத்தோலிக்கத் தேவாலயத்தில் திருவுருவ வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர் அவர். ஒரு முகத்தைத் தெய்வ முகமாக்குவதில் அதைச் சுற்றியுள்ள வெறுமையான பொன்னுக்கு எவ்வளவு பங்கு என்பது அவருக்குக் கண்ணாலேயே தெரிந்திருந்தது. முகத்தையே அளந்துகொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிரெஞ்சுக் கலைஞர் ஓர்லான் இன்னும் ஒரு படி போய்த் தன் முகத்தையே ஓவியத் துணியாக்கினார். 1990 முதல் 1993 வரை தொடர்ச்சியாக அறுவைச் சிகிச்சைகள், தலைப்பு ‘புனித ஓர்லானின் மறுபிறப்பு’. மோனாலிசாவின் நெற்றி, போட்டிச்செல்லியின் வீனஸுடைய மோவாய் என்று புகழ்பெற்ற ஓவியங்களிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டார். சியூக்சிஸ் என்ற பழைய கிரேக்க ஓவியர் ஐந்து பெண்களின் சிறப்புகளைச் சேர்த்து ஹெலனை வரைந்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை உடம்பில் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர்லான்தான் பதில்: உறுப்புகள் ஒவ்வொன்றும் அழகு, சேர்ந்தபோது அந்த ஓவியங்களில் எதுவுமே இல்லை.

யாருடைய சராசரி என்ற கேள்வியை நேராகக் கேட்ட படம் பிரிட்டிஷ் ஓவியர் கிறிஸ் ஓஃபிலி 1996-இல் வரைந்த கன்னி மரியாள். கறுப்பின மாதா, அகன்ற மூக்கு, தடித்த உதடு, பின்னால் மின்னும் மஞ்சள் பொன், மேலே புள்ளி புள்ளியாகப் பிசின். யானைச் சாணத்தையும் பயன்படுத்தியிருந்தார். 1999-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் வைத்தபோது பெரிய சர்ச்சை வெடித்தது, நகர மேயர் நிதியை நிறுத்தப் பார்த்தார், வழக்கு நீதிமன்றம் வரை போனது. பக்தர்களின் மன வருத்தத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முகத்தை மட்டும் பாருங்கள். மாதாவின் ‘சரியான’ முக அளவு என்று நாம் வைத்திருப்பது ஐரோப்பிய ஓவியக்கூடங்களில் சேர்த்த சராசரி என்பது அந்த முகத்தின் முன் நின்றால் உடனே உறைக்கும். பெரெட்டின் 60 முகங்களும் ஐரோப்பிய முகங்கள்தான். இன்று கணினிக்குக் கொடுக்கும் படத் தொகுப்புக்கும் இதே கேள்வி பொருந்தும். ஹார்மோனியா ரோசலெஸ் 2017-இல் மைக்கேலாஞ்சலோவின் ஆதாம் படைப்பைத் திருப்பி, இறைவனையும் கறுப்பினப் பெண்ணாக வரைந்தது இதன் தொடர்ச்சிதான்.

மூளையைப் படம் பிடிக்கும் ஆய்வுகளை அதிகம் இழுக்கப்போவதில்லை. லண்டனில் செமிர் செக்கியும் ஹிதேயாகி கவாபட்டாவும் 2004-இல், ஓர் ஓவியத்தை அழகு என்று உணரும்போது நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேல் உள்ள மூளைப் பகுதி கூடுதலாகச் செயல்படுவதைக் காட்டினார்கள். பின்னால் இசைக்கும், கணிதச் சமன்பாடுகளுக்கும்கூட அந்தப் பகுதி அப்படியே பதில் சொன்னது. எங்கே உணர்கிறோம் என்பது தெரிகிறது. எப்படி வரைவது என்பதற்கு அதில் வழி இல்லை.

இந்த அறிவியலின் முதல் பொதுச் சோதனையே ஒரு மாதா படத்தை வைத்துத்தான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைன் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மாதா படத்துக்கு இரண்டு பிரதிகள் இருந்தன, ஒன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஒன்று ட்ரெஸ்டன் நகரில். 1871-இல் இரண்டையும் ட்ரெஸ்டனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முன்பு சொன்ன அதே ஃபெஹ்னர் அங்கே ஒரு புத்தகத்தை வைத்து, எது அழகு என்று எழுதச் சொன்னார். 11,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், எழுதியவர்கள் 113 பேர், அதிலும் பலர் கேட்டபடி எழுதவில்லை. சோதனையாகப் பார்த்தால் அது தோல்வி. ஆனால் அந்த இரண்டு முகங்களும் சொல்கிற விஷயம் பெரியது. ட்ரெஸ்டன் மாதா இனிமையானவள், அவள் முகம் மிருதுவானது, வெகுகாலம் அவளைத்தான் மூலம் என்று கொண்டாடினார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அது 17-ஆம் நூற்றாண்டில் எடுத்த நகல் என்று தெரிந்தது. நகல் எடுத்தவர் தன் காலத்தின் ரசனைக்கு ஏற்ப முகத்தைக் கொஞ்சம் இழைத்துவிட்டார். டார்ம்ஸ்டாட் மூலத்தில் மாதா ஒரு பெண்ணாக இருக்கிறாள், கனமான கண்ணிமையும் தனக்கே உரிய மூக்குமாக. உண்மை தெரிந்த பிறகும் பல ஓவியர்கள் ட்ரெஸ்டன் முகமே அழகு என்று வாதாடினார்கள்.

உங்கள் கணினியும் அந்த நகல்காரர் செய்ததைத்தான் செய்கிறது.

இனி உங்கள் படம். அளவுகளைத் தூக்கிப்போட வேண்டாம். மூன்று பங்கு, மூக்கு அலகு, வட்டங்கள் எல்லாம் இருக்கட்டும், அவை இல்லாவிட்டால் முகம் மாதாவாகவே தெரியாது. கணினி ஒன்றாக்கிய இரண்டு பாதிகளில் ஒன்றை அழித்துவிட்டுக் கையால் வரையுங்கள். இமையின் கனம், வாயோரத்தின் இறுக்கம், புருவத்தின் உயரம் இந்த மூன்றில் மட்டும் மாற்றம் வரட்டும். எலும்பின் இடம் மாறினால் கோணல் முகமாகிவிடும். நிறத்தை வெளிச்சத்திலிருந்து தொடங்காமல் இருட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கிழக்கத்தியத் திருவுருவ ஓவியர்கள் முகம் முழுவதும் முதலில் பச்சை கலந்த பழுப்பைப் பூசி, அதன்மேல் காவியும் வெண்மையும் மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவார்கள். கண்ணோரத்திலும் மூக்கின் பக்கத்திலும் அந்த அடிநிறம் மூடப்படாமல் கொஞ்சம் தெரியும். வெளிச்சம் வெளியிலிருந்து விழாமல் உள்ளேயிருந்து வருவது போல இருப்பதற்கு அந்த மூடாத இடங்கள்தான் காரணம்.

யார் அந்த முகம் என்றும் முடிவு செய்யுங்கள். உங்கள் மாதா உங்களிடம் என்ன கேட்கிறாள், என்ன கொடுக்கிறாள் என்று யோசித்து, கொடுப்பதை ஒரு பாதியிலும் கேட்பதை மறுபாதியிலும் வையுங்கள். பிறகு அதே தாளை எடுத்து, ஒவ்வொரு பக்கமாக மூடிப் பாருங்கள்.